கேப்டன் வாய் திறக்குமுன் நிறுத்துங்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: சமூக மன்றத்தில் சனிக்கிழமை வரும் இளையர்களுக்குப் பழைய விண்வெளித் தொடர்களைப் போட்டுக் காட்டித்தான் தலைமைத்துவம் சொல்லித் தருகிறேன் என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நானும் நினைக்கவில்லை, ஆசிரியரும் நினைக்கவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க அதே பேச்சுதான். மூட்டுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று கேட்ட தோ பாயோ அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கும் அதே வலிதான், விடை கிடைத்தால் எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் 38 ஆண்டு இருந்தவன். வெல்டராகச் சேர்ந்து, பாதுகாப்பு அதிகாரியாக ஓய்வு பெற்றேன். ஆசிரியர் பயிற்சியெல்லாம் கிடையாது. கடிதம் எழுதியவர்கள் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயர் மட்டும்.

ஈசூன், தமிழாசிரியை: எங்கள் உயர்நிலை மூன்று மாணவத் தலைவர்கள் 16 பேருக்கு ஜூன் விடுமுறையில் இரண்டு மணி நேரம் ஏதாவது நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வழியில் செய்து பார்க்க ஆசை. எந்தத் தொடர், எந்தப் பகுதி, எப்படி நடத்துவது?

டீச்சர், ஒரே ஒரு பகுதி போதும். இரண்டு போட்டால் பிள்ளைகள் கதை பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள்.

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் முதன்முதலில் 1966ல் வந்தது. அதில் 79 பகுதிகள். உங்களுக்கு நான் சொல்வது 1987ல் வந்த அடுத்த தொடர், ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’. அதன் இரண்டாம் பருவத்தில், 1989 பிப்ரவரியில் ஒளியேறிய ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’. எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் வக்கீலாக வேலை பார்த்தவர். விசாரணைக் காட்சியைப் பார்த்தாலே அது தெரியும்.

கதை இதுதான். விண்வெளிப் படைக் கப்பலில் டேட்டா என்று ஓர் அதிகாரி. பார்க்க மனிதன், உள்ளே இயந்திரம். பதவி உண்டு, பதக்கம் உண்டு. மேடக்ஸ் என்ற விஞ்ஞானி வந்து, இவனைக் கழற்றிப் பார்த்து இவனைப் போல நிறைய பேரைச் செய்யப் போகிறேன் என்கிறார். கழற்றியதைப் பழையபடி மாட்ட முடியுமா என்றால், அதற்கு உறுதி இல்லை. டேட்டா ராஜினாமா கொடுக்கிறான். கப்பல் கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்க்க அதனிடம் அனுமதி கேட்போமா, இவனும் படையின் சொத்துதானே என்பது மேடக்ஸின் வாதம். விசாரணை வைக்கிறார்கள். நீதிபதிக்கு ஆள் பற்றாக்குறை. அதனால் கேப்டன் பிக்கார்ட் டேட்டாவுக்காக வாதாட வேண்டும், துணைக் கேப்டன் ரைக்கர் எதிர்த்தரப்பில் நின்று டேட்டா வெறும் இயந்திரம் என்று நிரூபிக்க வேண்டும். ரைக்கரோ டேட்டாவின் கூட்டாளி. மாட்டேன் என்கிறார். மறுத்தால் டேட்டா சொத்துதான் என்று இப்போதே தீர்ப்பு எழுதிவிடுவேன் என்கிறார் நீதிபதி.

இங்கே நிறுத்துங்கள். ரைக்கர் வாய் திறக்கக் கூடாது.

ஆளுக்கொரு தாள் கொடுங்கள். ‘நீ ரைக்கர். செய்வாயா, மாட்டாயா?’ ஒரு வரி போதும். கீழே கையெழுத்து. இந்தக் கையெழுத்து சமாசாரத்தை நான் பட்டறையிலிருந்து கொண்டுவந்தேன். முதல் முறை பெயரில்லாமல் எழுதச் சொன்னேன், 12 பேரில் 9 பேர் ‘மாட்டேன்’ என்று வீரமாக எழுதினார்கள். சரி, இப்போது பெயர் போட்டுக் கொடுங்கள், நான் சத்தமாகப் படிக்கப் போகிறேன் என்றதும் 4 பேர் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மாற்றி எழுதியது தப்பு என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும்போதுதான் அவர்கள் கேள்வியை இரண்டாம் தடவை படித்தார்கள்.

தயவுசெய்து பெரிய மாஜோங் தாளும் மார்க்கரும் கொடுத்து நாலு நாலு பேராக உட்கார வைக்காதீர்கள். ஒருத்தி எழுதுவாள், மற்ற மூன்று பேர் பென்சில் பெட்டியில் விளையாடுவார்கள். கடைசியில் ‘எங்கள் குழுவின் கருத்து’ என்று ஒன்று வரும், அது யாருடைய கருத்தும் இல்லை.

அடுத்து ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கண்டிப்பாகச் சொல்லும்: ‘சரின்னுட்டு, சும்மா ஒப்புக்கு வாதாடி வேணும்னே தோத்துடலாமே?’ எனக்கு வந்த ஒவ்வொரு வகுப்பிலும் இது வந்திருக்கிறது. அப்போது இன்னும் கொஞ்சம் ஓட விட்டுக் காட்டுங்கள். ரைக்கர் முழு மூச்சாகச் செய்யவில்லை என்று தெரிந்தால் அந்த நிமிடமே விசாரணை முடிந்தது என்று நீதிபதி எச்சரிப்பார். நழுவும் வழி அடைபட்டதும் வகுப்பு அமைதியாகும் பாருங்கள், அந்த அமைதிக்காகத்தான் நான் இதைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

இரண்டாவது நிறுத்தம் விசாரணையின் நடுவில். ரைக்கர் டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டுகிறார். பிறகு பேசிக்கொண்டே அவன் பின்பக்கம் போகிறார். டேட்டாவின் முதுகில் ஒரு சுவிட்ச் உண்டு. ரைக்கர் பின்னால் வந்து நின்றதும் நிறுத்திவிட்டு, ‘என்ன செய்யப் போகிறார்?’ என்று மட்டும் கேளுங்கள். யாராவது ஒருவர் மெதுவாக ‘ஆஃப் பண்ணப் போறாரு’ என்பார். அப்புறம் ஓட விடுங்கள். டேட்டா பொம்மை மாதிரி மேசையில் சாய்வான். நான் எதுவும் விளக்குவதில்லை. வேலையைச் சரியாகச் செய்கிற ஒருவனின் முகம் எப்படி இருக்கிறது என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

தீர்ப்பு என்ன என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை, நீங்களும் முதலில் வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தீர்ப்புக்குப் பிறகு டேட்டா ரைக்கரைத் தேடி வருகிற காட்சிக்கு முன் மூன்றாவது தடவை நிறுத்தி, அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எழுதச் சொல்லுங்கள். பகுதி முக்கால் மணி நேரம்தான், மீதி ஒன்றேகால் மணி நேரம் உங்களுக்குப் பத்தாது.

இன்னொன்று. முதல் ஐந்து நிமிடம் உடையையும் பின்னணியையும் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாம் போட்டிருந்த பெல்பாட்டத்தைப் பார்த்தும் சிரித்தவர்கள்தானே.

செங்காங், இரண்டு பிள்ளைகளின் தந்தை: திருக்குறளும் சிலப்பதிகாரமும் கம்பராமாயணமும் இருக்கும்போது, தமிழ்ப் பிள்ளைகளுக்கு நீதி சொல்ல அமெரிக்கக்காரன் கற்பனைக் கப்பல் எதற்கு? வருத்தத்தோடு கேட்கிறேன்.

ஐயா, வருத்தம் நியாயம். நான் தொடங்கியதே சிலப்பதிகாரத்தில்தான். பாண்டியன் சபை, கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கப் பரல் தெறிக்கிறது. நிறுத்தி, ‘நீங்கள் அரசன், என்ன செய்வீர்கள்?’ என்றேன். ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று பின்வரிசை வரைக்கும் கோரஸாகச் சொன்னார்கள். மூன்று வினாடி ஆகவில்லை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவர்கள். ஓர் அரசன் தன் தீர்ப்பு தப்பு என்று சபை நடுவே உணர்ந்து உயிரை விட்ட கதை அது. அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டு, அங்கிள் பிரேக் எப்போ என்றார்கள்.

பாண்டியன் மேல் குறை இல்லை. முடிவு எல்லாருக்கும் தெரிந்த கதையில் முடிவெடுக்கப் பழக முடியாது, அவ்வளவுதான். அறையில் யாருக்கும் முடிவு தெரியாத கதை ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. 15 வயதுப் பிள்ளை எதுவும் இந்தத் தொடர்களைப் பார்த்ததில்லை. அவர்கள் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோனவை. அதுதான் வசதி.

ஆனால் நம் சரக்கு வெளியே போய்விடவில்லை, வேறு வாசல் வழியாக வருகிறது. பிக்கார்ட் பெரிய முடிவுக்கு முன் அதிகாரிகளை மேசையைச் சுற்றி உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கேட்பார். பழைய தொடரில் கேப்டன் கர்க்குக்கு ஒரு பக்கம் ஸ்பாக் கணக்குச் சொல்வார், மறுபக்கம் டாக்டர் மெக்காய் அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுவார். அதைப் பார்த்த பிறகு 448வது குறளைப் பலகையில் எழுதினேன்.

‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்
கெடுப்பார் இலானும் கெடும்.’

‘இடிப்பார்’ என்றால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவன், ‘மெக்காய்டா’ என்றான். பரிமேலழகர் கோபித்துக்கொள்வாரோ என்னவோ, எனக்கு அன்று நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

ரைக்கர் கதைக்கு ஒரு மாணவி சொன்னது இன்னும் பிரமாதம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறவள், அதிகம் பேச மாட்டாள். ‘அங்கிள், இது கும்பகர்ணன்தானே?’ என்றாள். அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவனுக்காகவே போருக்குப் போனவன். கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆனால் அவளே ஒரு நிமிடம் கழித்து மாற்றிக்கொண்டாள். கும்பகர்ணன் போருக்குப் போனது ராவணனுக்காக, சோற்றுக் கடன். ரைக்கர் எதிராக நின்றது டேட்டாவுக்கே ஒரு வாய்ப்புக் கிடைக்கட்டும் என்று. அப்படியானால் விபீஷணன்? அங்கே தொடங்கிய சண்டை மன்றத்தில் விளக்கணைக்க ஆள் வரும்வரை ஓடியது. ஐயா, உங்கள் பிள்ளைகளையும் ஒரு சனிக்கிழமை அனுப்புங்கள். நீங்களும் வந்தால் விபீஷணன் கட்சிக்கு ஆள் குறைவு.

புக்கிட் பாத்தோக், தொடக்கநிலை 5 மாணவன்: கர்க், பிக்கார்ட், யார் பெஸ்ட் கேப்டன்?

சூலு. தம்பி சிரிக்காதே. கப்பலை ஓட்டுகிறவர் அவர்தான், கர்க் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்னியோவுக்கும் பிலிப்பீன்ஸுக்கும் நடுவே இருக்கும் சூலு கடல். அட்லஸ் எடுத்துப் பார், நம் ஊரிலிருந்து கிழக்கே விரலை நகர்த்தினால் வந்துவிடும். ஆசியாவில் எந்த ஒரு நாட்டுக்கும் தனியாகச் சொந்தமாகாத பெயராக இருக்கட்டும் என்று தேடி வைத்தார்களாம். அவரும் பின்னாளில் கேப்டன் ஆனார், 1991 படத்தில்.

ராபிள்ஸ் பிளேஸ், மனிதவளத் துறையில் பணிபுரிபவர்: எங்கள் நிறுவனத்தில் புதிய மேலாளர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி. ‘விண்வெளித் தொடர்கள் தரும் 5 தலைமைத்துவப் பாடங்கள்’ என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் ஸ்லைடாகப் போட்டுக்கொள்வேன்.

முடியாதுங்க. ஸ்லைடில் போட்டால் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

அதற்குப் பதில் தொடர்கள் எங்கே தப்பாகச் சொல்லித் தருகின்றன என்று காட்டுங்களேன், மேலாளர்களுக்கு அதுதான் வேண்டும். பழைய தொடரில் புதுக் கிரகம் வந்தால் கேப்டன், துணைக் கேப்டன், டாக்டர் மூவரும் கிளம்பிவிடுவார்கள். கப்பலின் மூளை முழுக்க ஒரே படகில். எந்தக் கப்பல் பட்டறையிலும் இதற்குப் பெர்மிட் கிடைக்காது. கூடவே சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் போவார். அவருக்குப் பெயர் இருக்காது, பெரும்பாலும் திரும்பி வர மாட்டார். அடுத்த காட்சியில் கேப்டன் அடுத்த வேலையைப் பார்ப்பார். உங்கள் மேலாளர்களிடம் கேளுங்கள்: போன வாரம் உங்கள் முடிவால் இரவு வேலைக்குப் போனவர் யார், அவர் பெயர் என்ன? ஒரு மணி நேரமும் அதிலேயே போய்விடும்.

இன்னொரு கோளாறு, கடைசி ஐந்து நிமிடத்தில் இன்ஜினியர் ஒரு வித்தை செய்து எல்லாரையும் காப்பாற்றிவிடுவார். அப்படித் தப்பிக்காத பகுதி வேண்டுமென்றால் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்ற இன்னொரு விண்வெளித் தொடரில் ‘33’ என்ற பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு 33 நிமிடத்துக்கும் எதிரி வந்துவிடுகிறான், யாரும் தூங்கவில்லை. எதிரி கண்டுபிடிப்பதே கூட வரும் ஒரு பயணிகள் கப்பலால்தானோ என்று சந்தேகம். உள்ளே மக்கள் இருக்கலாம். சுடுவதா? தூங்காத மூளையோடு முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்று காட்டியதற்காகவே அதை நான் மதிக்கிறேன். பிள்ளைகளுக்கு அதைப் போடுவதில்லை, பெரியவர்களுக்கு மட்டும்.

நிஜத்தில் யாராவது உண்டா என்று என் வகுப்பில் கேட்டார்கள். 2004 ஏப்ரல் 20, நிக்கல் நெடுஞ்சாலை. எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்குத் தோண்டிய பள்ளம் இடிந்து நால்வர் இறந்தார்கள். தன் ஆட்களை மேலே ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் உள்ளே சிக்கிக்கொண்ட போர்மேன் அவர்களில் ஒருவர், உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் தினமும் அந்தப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

துவாஸ், கிடங்குப் பணிக்குழுத் தலைவி, வயது 27: பதவி உயர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஷிப்ட் இலக்கை எட்டுவதற்காக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன்மார் காலைச் சோதனையைச் செய்யாமலே செக்லிஸ்டில் டிக் போடுகிறார்கள். மேலாளருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார். நிறுத்தச் சொன்னால் இலக்கு போய்விடும், என் பெயரும் போய்விடும். உங்கள் பிக்கார்ட் என்ன செய்வார்?

தங்கச்சி, பிக்கார்டை விடு. அவர் நூற்றாண்டில் பணமே கிடையாது. அவருக்கு வீவக வீட்டுக் கடன் இல்லை, மாதக் கடைசியில் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய காசும் இல்லை. அவர் துணிச்சலுக்கும் உன் துணிச்சலுக்கும் விலை வேறு.

என் கதையைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கப்பலின் டேங்குக்குள் வெல்டிங் வேலை. நெருப்பு வேலைக்கு முன் உள்ளே வாயு இருக்கிறதா என்று அளந்து பார்த்துத்தான் பெர்மிட்டில் கையெழுத்து. காலையில் அளந்தது சுத்தம். ஆனால் வேலை தொடங்கியது சாப்பாட்டுக்குப் பிறகு. இடைவெளி விட்டால் மறுபடி அளக்க வேண்டும். அளக்கிற ஆள் வேறு கப்பலில் இருந்தார், வர ஒரு மணி நேரம் ஆகும். மறுநாள் விடிகாலை கப்பல் கிளம்ப வேண்டும். மேலே இருந்தவர் ஒன்றும் மிரட்டவில்லை. ‘காலையில சுத்தமாத்தானே இருந்துச்சு’ என்றார், அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போட்டேன்.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவன், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, டேங்க் வாயில் நின்றுகொண்டு, ‘அண்ணே, ஏதோ நாத்தம் வருதுண்ணே, நான் இறங்கல’ என்றான். அவனை வேறு வேலைக்கு மாற்றிவிட்டு இன்னொருவனை இறக்கினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எதுவும் நடக்கவில்லை. வேலை முடிந்தது, கப்பல் போனது. எதுவும் நடக்காததால் அடுத்த மாதமும் ஒரு தடவை அதேபோல் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தம்பியை அந்த வருடக் கடைசியில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், வேலையில் சுறுசுறுப்பு இல்லையாம்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. 1978 அக்டோபர் 12, ஸ்பைரோஸ் கப்பல் வெடித்து 76 பேர் செத்தபோது எனக்கு 21 வயது. ஜூரோங்கில் வேறொரு பட்டறையில் இருந்தேன். வெட்டும் டார்ச், டேங்கில் எரியும் ஆவி. சாப்பாட்டு நேரம் முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிய நேரம். காரணம் என்ன என்று எங்கள் தலைமுறை வெல்டர் எவனையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அது தெரிந்துதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

சில வருடம் கழித்து, மச்சான் வீட்டில் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ பார்த்தோம், அதுவும் ஸ்டார் டிரெக் வரிசைதான். ‘இன் தி பேல் மூன்லைட்’ என்ற பகுதி, 1998ல் வந்தது. கேப்டன் சிஸ்கோ போரில் தோற்றுக்கொண்டிருக்கிறார். நடுநிலையாக இருக்கும் ரோமுலர் என்ற வேற்றுக்கிரகத்தாரை உள்ளே இழுத்தால் பிழைக்கலாம். அதற்கு ஒரு பொய்ச் சான்று தயார் செய்கிறார்கள். ஒரு பொய், அதை மறைக்க லஞ்சம், அதற்கு மேல் கொலை. கொலையை அவர் செய்யவில்லை, செய்யக்கூடிய ஆளை வேலைக்கு வைத்தார். போர் திசை மாறுகிறது. தனியாக உட்கார்ந்து பதிவேட்டில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்கிறார். இதோடு என்னால் வாழ முடியும் என்கிறார். சொல்லி முடித்துவிட்டு, அழித்துவிடு என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடுகிறார்.

மச்சான், ‘பெரிய ஆளுப்பா’ என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் அந்தக் காலத்தில் சிவப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தேன், நிறுத்திய வேலை, திருப்பி அனுப்பிய பெர்மிட், எல்லாம் தேதி போட்டு எழுதுவேன். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு நாளும் ஒன்றும் எழுதவில்லை. சிஸ்கோவாவது எழுதிவிட்டு அழித்தார்.

உனக்கு என்ன சொல்வது? நோட்டு வாங்கு. நாளை காலை ஷிப்ட் தொடங்குமுன் ஃபோர்க்லிஃப்டுகளில் எத்தனை சோதிக்காமல் கிளம்பின என்று நேரத்தோடு எழுது. ஒரு வாரம் எழுது. அதை வைத்து மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பு, குற்றச்சாட்டாக வேண்டாம்: ‘ஒரு வண்டிக்குச் சோதனைக்கு இத்தனை நிமிடம் ஆகிறது, இலக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாமா?’ என்று கேள். அவர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும், வாயால் ‘பார்த்துக்கலாம்’ என்று சொல்வது வேறு. டிக் போடும் அண்ணன்மாரைத் திட்டாதே, அவர்களுக்கு நிமிடம் கொடுத்தது யார், கொடுக்காதது யார்? நிக்கல் நெடுஞ்சாலைக்குப் பிறகு 2006ல் வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பை மேலே இருப்பவர்கள்மீதும் வைக்கிறது, உன் மேலாளருக்கும் அது தெரிந்திருக்கும். பதிலே வரவில்லை என்றால் மனிதவள அமைச்சு இருக்கிறது. அதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுது, உட்கார்ந்து பேசுவோம்.

பெயர் போய்விடும் என்கிறாய். போகலாம். போகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூரோங் வெஸ்ட், ஓய்வுபெற்ற தாதி: தொடர் ஆங்கிலம். பிள்ளைகளும் ஆங்கிலத்திலேயே பேசிவிட்டுப் போவார்கள். இதில் தமிழ் எங்கே வருகிறது?

அக்கா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். என் வகுப்பில் ஒரே விதி: பார்ப்பது ஆங்கிலத்தில், உத்தரவு போடுவது தமிழில்.

முதலில் மன்றத்துக்காரர்களைத் திருப்திப்படுத்தத்தான் அந்த விதியை வைத்தேன். அதன் அருமை புரிந்தது பிக்கார்ட் தொடரில் ‘தைன் ஓன் செல்ஃப்’ என்ற பகுதியைப் போட்டபோது, 1994ல் வந்தது. அதில் டிராய் என்ற பெண் அதிகாரி பதவி உயர்வுக்குப் பரீட்சை எழுதுகிறார். பாவனைக் கப்பல், பாவனை ஆட்கள். கப்பல் வெடிக்கப் போகிறது. அவரும் ஒவ்வொரு வழியாக மாற்றிப் பார்க்கிறார், வெடித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் புரிகிறது: இன்ஜினியர் ஜியோர்டியை ஒரு குழாய்க்குள் அனுப்ப வேண்டும், போனால் உயிரோடு திரும்ப மாட்டார். அனுப்புகிறாரா என்பதுதான் பரீட்சை.

உத்தரவு வாயில் வருவதற்கு முன் நிறுத்திவிட்டு, நீங்கள் சொல்லுங்கள், தமிழில், என்றேன். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடிந்துவிடும். தமிழில் முதலில் நீயா நீங்களா என்று தீர்மானிக்க வேண்டும். ஜியோர்டி உத்தரவு கேட்க வேண்டியவர், ஆனால் சாகப் போகிறவர். ‘போ’ என்றால் நாயை விரட்டுகிற மாதிரி இருக்கிறது என்றான் ஒருவன். ‘யாராவது போகணும்’ என்றாள் ஒருத்தி. யாராவது என்றால் யார்? ‘போக வேண்டியிருக்கு’ என்றான் இன்னொருவன். யாருக்கு? நம் மொழியில் ஒளிந்துகொள்ள எத்தனை மூலை இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. பட்டறையில் நானும் அந்த மூலைகளில் நின்றவன்தான்.

கும்பகர்ணனைச் சொன்னாளே, அந்தப் பெண் எழுந்து நின்று, ‘ஜியோர்டி அண்ணே, நீங்க போங்க. திரும்பி வர முடியாதுண்ணே. தெரிஞ்சுதான் சொல்றேன்’ என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

அடுத்த வருடம் தேசிய சேவைக்குப் போகிற ஒரு பையன், ‘வாங்க, நாம போலாம்’ என்றான். கப்பலை யாருடா பார்த்துக்கொள்வது என்றேன். யோசித்தான், பதில் வரவில்லை, விட்டுவிட்டோம். அடுத்த சனிக்கிழமை நாற்காலி போடும்போது பக்கத்தில் வந்து நின்றான்.

‘அங்கிள், ஜியோர்டிக்குப் பிள்ளைகுட்டி இருக்கா?’

‘எதுக்குக் கேக்கிறே?’

‘இல்ல, அனுப்பறதுக்கு முன்னாடி அத கேக்கலாமா கூடாதா?’

அன்றைக்கு வேறு பகுதி போடுவதாக இருந்தேன். போடவில்லை.